கோனிகோபோலி என்கிற கணக்கப்புள்ள

மூன்று வருடங்களுக்கு முன்பு, பழைய சென்னையைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர் சில பக்கங்களைத் தமிழாக்கித் தரக் கேட்டார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையில் எழுதிவைத்த ஆலோசனைக் குறிப்புகள் அவை. துணி வரத்து, கப்பல் வரவு, பணம் கொடுக்கல் வாங்கல் என்று போகும் பக்கங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரைத்தூக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். 1680 செப்டம்பர் 21ஆம் தேதிக் குறிப்பு வந்ததும் தூக்கம் போய்விட்டது.

அன்றைக்கு கவர்னர் மதராஸ் எல்லையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். அப்போது கவர்னராக இருந்தவர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர். கூடவே ஆலோசனைக் குழுவினர், ஆறு வரிசைச் சிப்பாய்கள், கம்பெனியின் பியூன்கள், 300 வண்ணார்கள், ஊர்க்காவலுக்குப் பொறுப்பான பெத்த நாயக்கர். இவர்களோடு இன்னும் இருவர்: 'ஊர் கான்கோப்ளி', 'நிலத்துக் கான்கோப்ளி'. எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லிக்கொண்டே போனவர் இந்த நிலத்துக் கான்கோப்ளிதான். கம்பெனி நிலம் மற்றவர்கள் நிலத்தோடு பின்னிக் கிடக்கிறது, வேறு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அதனால்தான் ஒவ்வொரு ஊரிலும் ஒரு கான்கோப்ளியும் ஒரு பறையரும் இந்த வேலைக்கு இருக்கிறார்கள், இது தகப்பனிடமிருந்து மகனுக்கு என்றென்றைக்கும் போகும் வேலை என்று குறிப்பு முடிகிறது.

கான்கோப்ளி என்ற சொல்லை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த ஆளை எனக்குத் தெரியும். சொல் பிடிபடுவதற்கு முன்பே ஆள் பிடிபட்டுவிட்டார். வயல் வரப்பில் ஒருவர் கையில் காகிதத்தோடு நிற்கிறார், இன்னொருவர் வெறுங்காலோடு முன்னால் நடந்து இடத்தைக் காட்டுகிறார். சின்ன வயதில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையில் காகிதத்தோடு நின்றவர் என் தாத்தா.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே தாமிரபரணிப் பாசனத்தில் எங்கள் ஊர். சர்க்கார் காகிதத்தில் தாத்தாவின் பதவிப் பெயர் கர்ணம். ஊரில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள், 'கணக்கப்புள்ள' என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீடு கணக்கப்புள்ள வீடு, எங்கள் வீட்டுப் பின்னால் போகும் முடுக்கு கணக்கப்புள்ள முடுக்கு. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்து வந்த ஒரு கல்யாணத் தரகர் ஊரை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடித்தார் என்று ஆச்சி சொல்வாள்.

கான்கோப்ளி, கணக்கப்புள்ள. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நடுராத்திரியில் ஹாப்சன் ஜாப்சனை எடுத்தேன்.

ஹாப்சன் ஜாப்சன் என்பது இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் வாயில் புழங்கிய சொற்களுக்கான அகராதி. 1886இல் வெளிவந்தது. மொகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழும் ஓலம் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காதில் விழுந்து திரிந்த திரிபுதான் அந்தப் பெயரே. தொகுத்தவர்கள் இருவர். ஹென்றி யூல் வங்காளத்தில் எஞ்சினியராக இருந்த ராணுவ அதிகாரி. ஆர்தர் பர்னெல் நம் பக்கம் நீதிபதியாக இருந்தவர், தஞ்சாவூர் அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். 1872இல் இருவருக்கும் நடுவே தொடங்கிய கடிதப் போக்குவரத்திலிருந்து வளர்ந்த நூல் அது. புத்தகமாக வருவதற்கு நான்கு வருடம் முன்பே, 1882இல், பர்னெல் இறந்துபோனார். தமிழ்ச் சொற்களைப் பற்றி அதில் இவ்வளவு நுட்பமாக இருப்பதற்கு பர்னெலின் காது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கான்கோப்ளி அங்கே வேறு வேஷத்தில் இருந்தது. தலைச்சொல் 'கோனிகோபோலி'. சி, ஓ, என், ஐ என்று தொடங்கி பி, ஓ, எல், ஒய் என்று முடிகிறது. எழுத்தில் பார்த்தால் மோனோபோலிக்கு உடன்பிறந்தது போல இருக்கும். மோனோபோலியில் உள்ள 'போலி' கிரேக்கச் சொல், விற்பனை என்று பொருள். இதற்கும் கிரேக்கத்தில்தான் வேர் இருக்கும் என்று தேடப் போனால் ஒரு இடத்திலும் கிடைக்காது. ஆங்கிலம் ஆழமாகப் படித்தவர்களைத்தான் இந்த எழுத்துக்கூட்டல் முதலில் ஏமாற்றும். அகராதியில் பொருள் நேராகப் போட்டிருந்தது: தமிழில் கணக்கு, பிள்ளை, கணக்கு எழுதும் ஆள்.

அந்தப் பதிவின் கீழே பழைய மேற்கோள்கள் வரிசையாக இருந்தன. அதில் மிகப் பழையது என்னை எங்கள் ஊருக்கே, எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கடற்கரைக்கே, கூட்டிக்கொண்டு போனது. 1544ஆம் ஆண்டு. எழுதியவர் பிரான்சிஸ் சவேரியார்.

சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கி, அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதற்கு ஐந்தாறு வருடங்கள் முன்பே அந்தக் கரையில் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் வேதம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அவர் ஊர் ஊராகப் போய், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி, மனப்பாடம் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஓர் ஊரை விட்டு அடுத்த ஊருக்குப் போகும்போது தன் இடத்தில் ஒருவரை வைத்துவிட்டுப் போவார். செபம் சொல்லிக்கொடுக்க, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க, பிறப்பு இறப்பு எழுதிவைக்க. புன்னைக்காயலிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் தன் கூட்டாளி மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் அந்த ஆட்களை அவர் 'கனகபோலே' என்று எழுதுகிறார். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க அவர் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போர்ச்சுகல் ராணி கத்தரீனாளின் பாதரட்சைச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. அதை இந்தக் கணக்கப்பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கும்படி ராணிக்கே எழுதிக் கேட்டு வாங்கிவிட்டார். மணப்பாட்டுக் கரையில் ஒரு கணக்கப்பிள்ளையின் வீட்டில் உலை கொதித்தது லிஸ்பனில் ஒரு ராணியின் செருப்புக் காசில்.

கணக்கு எழுதுகிறவர் எப்படி வேதம் சொல்லிக்கொடுப்பவர் ஆனார் என்பது முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. பாதிரியார் பொருளைத் தப்பாகப் பிடித்துவிட்டார் என்றுகூட நினைத்தேன். தப்பு என்னுடையது. கணக்கு என்றால் கூட்டல் கழித்தல் மட்டும்தான் என்பது பிற்காலத்தில் குறுகிப்போன பொருள். பதினெண்கீழ்க்கணக்கு என்கிறோமே, அதில் என்ன கூட்டலா பெருக்கலா இருக்கிறது? அங்கே கணக்கு என்றால் நூல், எழுத்தில் அமைந்தது. பாடம் சொல்லும் ஆசிரியருக்குப் பழைய பெயர் கணக்காயர். நக்கீரரை 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்கிறோம், வாத்தியார் மகன். நாலடியாரிலும் கணக்காயர் பாடம் சொல்கிறார். எண்ணும் எழுத்தும் ஒரே ஆளிடம் இருந்த காலத்தில் அந்த ஆளுக்கு ஒரே பெயர்தான். சவேரியார் காதில் விழுந்தது அந்த அகலமான கணக்கு. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லுத்தரன் பாதிரிமாரும் இதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தங்களிடம் ஏழு 'கனகப்பெல்', அதாவது தமிழ் எழுதுகிறவர்கள், வேலையில் இருப்பதாக 1718இல் ஆங்கிலத்தில் அச்சான மிஷன் நூல் சொல்கிறது. டச்சுக்காரரான வாலண்டைன் 1726இல் வெளியிட்ட நூலிலும் 'கன்னெகப்பெல்' இருக்கிறது. போர்ச்சுகீசியர், ஜெர்மானியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று நம் கடற்கரைக்கு வந்த ஒவ்வொருவரும் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஏனென்றால் கரையில் இறங்கியதும் அவர்கள் முதலில் தேட வேண்டியிருந்தது இந்த ஆளைத்தான்.

இனி அந்த 'போலி'க்கு வருகிறேன். இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதில்தான் இருக்கிறது.

தமிழில் எழுதுவது பிள்ளை. அதைக் கேட்டு எழுதினால் 'பில்லே' என்றுதானே வர வேண்டும்? சவேரியார் எழுதியது 'போலே', ஆங்கிலேயர் எழுதியது 'போலி'. இகரம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, அவர்கள் காதில் அது விழவே இல்லை. அவர்கள் கேட்டது 'புள்ள'. எழுத்தைப் பார்த்து எழுதியவர்கள் பிள்ளை என்று எழுதினார்கள், காதால் கேட்டு எழுதியவர்கள் புள்ள என்று எழுதினார்கள்.

இது ஏதோ ஓர் ஊரின் கொச்சை இல்லை. பேச்சுத் தமிழில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முன்னால் உதடு சேர்ந்து பிறக்கும் ப, ம, வ. பின்னால் நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள. நடுவில் இகரமோ எகரமோ அகப்பட்டுக்கொண்டால், உதடு குவிந்தபடியே இருந்து அது உகரமாகவும் ஒகரமாகவும் ஆகிவிடுகிறது. பிடி புடியாகிறது, பெண் பொண்ணாகிறது, பெட்டி பொட்டியாகிறது, மிளகு மொளகாகிறது. மிளகு என்றதும் இன்னொரு சாட்சி எழுந்து வருகிறது. ஆங்கிலச் சாப்பாட்டு மேசையில் இன்றும் இருக்கும் 'மல்லிகடானி' சூப் நம் மிளகுத் தண்ணீர்தான். அதை ஆங்கிலத்தில் எம், யு, எல், எல் என்று தொடங்குகிறார்கள். மிளகிலிருந்து அப்படி வராது, மொளகிலிருந்துதான் வரும். தண்ணீரும் அங்கே தண்ணியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சந்தேகம் இருப்பவர்களைப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போவேன். 1736இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஆனந்தரங்கப்புல்லே' என்றே எழுதினார்கள். பிரெஞ்சில் ஓ, யு சேர்ந்து வந்தால் சுத்தமான உகரம், வேறு எப்படியும் படிக்க முடியாது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் பெர்னாண்டோபுள்ளே என்றொரு குடும்பப் பெயர் இருக்கிறது. போர்ச்சுகீசிய பெர்னாண்டோவும் நம் புள்ளயும் கைகோத்து நிற்கும் பெயர் அது.

ஏழாம் வகுப்பில் கட்டுரை நோட்டில் 'புள்ள' என்று எழுதியதற்காக என்னை முட்டிபோட வைத்தார்கள். படித்தவர்கள் பேசுவது பிள்ளை, படிக்காதவர்கள் பேச்சு புள்ள என்று அன்றைக்குப் பதிந்தது வெகுகாலம் மனதில் கிடந்தது. இப்போது பார்த்தால் 1544இலேயே நம் கடற்கரையில் புள்ள என்றுதான் பேசியிருக்கிறார்கள். 480 வருடமாவது ஆகிறது. நம் ஏடுகள் அதைக் கவனமாக விலக்கிவிட்டு பிள்ளை என்று எழுதிக்கொண்டிருந்தன. தமிழ் இலக்கணம் தெரியாத வெளியூர்க்காரர்கள் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதிவைத்ததால் அந்தப் பழைய குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. செத்துப்போன ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள் நம் ஆச்சிமாரின் உச்சரிப்பு உயிரோடு இருக்கிறது. இதைக் கண்டுகொண்ட ராத்திரி நான் யாரையாவது எழுப்பிச் சொல்லத் துடித்தேன்.

கான்கோப்ளி எப்படிக் கோனிகோபோலியாக நீண்டது? என் ஊகம் இது. எழுதியவர்கள் பள்ளிக்கூடத்தில் லத்தீனும் கிரேக்கமும் படித்தவர்கள். பழக்கமில்லாத ஓசையைப் பழக்கமான வார்ப்பில் ஊற்றிவிட்டார்கள்.

சொல் ஏன் செத்தது என்பது அவ்வளவு சுவாரசியமான கதை இல்லை. அந்த ஆளின் வேலை இரண்டாகப் பிரிந்தது. கிராமத்துக் கணக்கு எழுதுகிறவருக்குத் தெலுங்கு தேசத்திலும் புழங்கிய கர்ணம் என்ற பெயரைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1802ஆம் ஆண்டின் 29ஆம் ரெகுலேஷன் அதன் பெயரிலேயே கர்ணங்கள் ரெகுலேஷன்தான். பட்டணத்து ஆபீசில் எழுதுகிறவர் கிளார்க் ஆனார். நடுவில் நின்ற கோனிகோபோலிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இலங்கை மலையகத்தில் மட்டும் சொல் வேறு உயிர் எடுத்தது. தேயிலைத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளை என்பவர் வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர். காலையில் எல்லோரும் வந்து கூடும் பெரட்டில் ஆள் எண்ணி, மலைக்கு அனுப்பி, பேர் போடுகிறவர். கொழுந்து குறைந்தால் அவர் அரைப்பேர் போட்டுவிடலாம், அன்றைய கூலி பாதியாகிவிடும். தோட்டத்துரைமாரின் ஆங்கிலத்தில் அவர் 'கனகபுள்ளே'. கண்டியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவிடம் என் தாத்தா கணக்கப்பிள்ளை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் சட்டென்று மாறியது. "அப்படியா?" என்றார், வேறெதுவும் கேட்கவில்லை. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. எழுத்து ஓர் ஆளிடம் மட்டும் இருக்கும்போது அவரை நம்பியவர்களும் உண்டு, பயந்தவர்களும் உண்டு. எங்கள் ஊரிலும் பயந்தவர்கள் இருந்திருப்பார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரிய வழியில்லை.

அதனால் மறுபடியும் 1680ஆம் ஆண்டின் அந்தக் குறிப்புக்கே போகிறேன். அதில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். கான்கோப்ளியின் கதையை இவ்வளவு நேரம் சொன்னேன். கூடவே எல்லை காட்டிய இன்னொருவர்?

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் ஆற்றில் பெரிய வெள்ளம். வடிந்த பிறகு வயலெல்லாம் வண்டல் மூடி, சர்வே கல்லைக் காணோம். இரண்டு வீட்டாருக்குள் வரப்புச் சண்டை வந்துவிட்டது. தாத்தா புலப்படத்தை விரித்து, சங்கிலி போட்டு அளந்தார். அளவு உதைத்தது. ஊர் வெட்டியான் ஒருவர் வரப்பு ஓரம் நின்றுகொண்டிருந்தார். தாத்தாவைவிட வயதில் மூத்தவர். அவர் இறங்கி வந்து, ஒரு பனையின் அடிமூட்டையும் தூரத்து மடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பதினைந்து இருபது எட்டு நடந்து நின்றார்.

"இங்கன தோண்டச் சொல்லுங்க சாமி."

இரண்டடி ஆழத்தில் கல் இருந்தது.

"எப்பிடில தெரியும் ஒனக்கு?" என்றார் தாத்தா.

"எங்கய்யா காட்டுன எடம் சாமி."

அன்றைக்கு அடங்கலில் தாத்தா எழுதினார், கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் கூடப் படித்த பையன்களிடம், எங்கள் தாத்தா கல்லைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நான் சொன்னேன். அந்தப் பெரியவரை நாங்கள் பொடியன்கள்கூட வாடா போடா என்றுதான் பேசினோம். ஊர் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. அதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. வெட்டியான் என்ற பெயரில் உள்ள வெட்டி கூலியில்லாத ஊழியம். சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் அது.

ஹாப்சன் ஜாப்சனில் இவருக்கும் 'பரையா' என்று ஒரு பதிவு உண்டு. கோனிகோபோலிக்கு இருப்பதைவிட மிக நீளமானது. பறை கொட்டுவதிலிருந்து வந்த பெயர், தமிழ்நாட்டில் மிகப் பெரிய எண்ணிக்கையில் வாழும் சமூகங்களில் ஒன்றின் பெயர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிட்டது. உள்ளே போன பிறகு அதற்கு நேர்ந்ததுதான் கொடுமை. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை, ஒதுக்கப்பட்டவன், யாரும் சேர்த்துக்கொள்ளாதவன் என்ற பொருளுக்குப் பொதுச்சொல்லாக ஆக்கிவிட்டார்கள். தெருநாய்க்கு வைத்தார்கள், ஊர்ப் பருந்துக்கு வைத்தார்கள். பிரெஞ்சுக்குப் போய் 1821இல் பாரிஸ் மேடையில் ஒரு நாடகத்தின் தலைப்பாயிற்று. ஜெர்மனுக்குப் போய் சமூகவியலில் ஒரு கருத்தாயிற்று. இன்றைக்கும் ஏதாவது ஒரு நாட்டை உலகம் விலக்கிவைத்தால் ஆங்கிலத் தினசரிகள் தயங்காமல் இந்தச் சொல்லைப் போடுகின்றன. போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது மதராஸின் எல்லை தெரிந்திருந்த ஆளின் பெயர் என்று தெரியும்? 1680இல் கம்பெனியே எழுதிவைத்திருக்கிறது, இவர்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது என்று. அறிவுக்காகக் கூப்பிட்டு முன்னால் நடக்கச் சொன்ன ஆளின் பெயர், அகராதிக்குள் போய்ச் சேர்வதற்குள் இழிவின் பெயராகிவிட்டது.

நம் ஊரில் சாதி செய்த வேலையை ஆங்கிலம் உலகம் முழுக்கக் கொண்டுபோனது என்பதுதான் என் வாசிப்பு. வெள்ளைக்காரர்கள் தலையில் மட்டும் இதைக் கட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அவர்களுக்கு இந்தச் சொல்லை என்ன தொனியில் சொல்வது என்று கற்றுக்கொடுத்தவர்கள் யார்? அவர்கள் பக்கத்தில் இருந்து பேச்சை மொழிபெயர்த்த துபாஷிகளும் கணக்கப்பிள்ளைகளும்தானே? 'கணக்கப்புள்ள'யில் உள்ள உகரத்தைக் கேட்ட அதே காதுதான் இந்தத் தொனியையும் கேட்டது.

அந்த அகராதி வந்த ஏழாவது வருடம், 1893இல், அதே சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர், 'பறையன்'. எந்தப் பெயரைச் சொல்லி ஒதுக்கினார்களோ அதையே முகப்பில் அச்சிட்டு விற்றார். சொல்லின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தத் தேதியையும் அந்தப் பதிவில் சேர்க்க வேண்டும். லண்டன் மேற்கோள்களுக்கும் பாரிஸ் மேற்கோள்களுக்கும் உள்ள இடம் இதற்கும் வேண்டும்.

தகப்பனிடமிருந்து மகனுக்கு என்றென்றைக்கும் போகும் என்று கம்பெனி எழுதிய வேலை, சரியாக 300 வருடம் கழித்து முடிந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து பதிவேடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன சாயங்காலம் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது 14 வயது. அவருக்காக வெகுநாள் வருத்தப்பட்டேன். வேலை மாறியது சரி என்று இன்றைக்கு நினைக்கிறேன். இரண்டும் ஒரே மனதில் இருக்கின்றன.

ஒழிந்தது கிராம அதிகாரிகளின் பதவி. தலையாரி, வெட்டியான் வேலைகள் ஒழியவில்லை. அவர்கள் இன்று கிராம உதவியாளர்கள்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர்க் கிராம உதவியாளர் அந்தப் பெரியவரின் பேரன் என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. நாற்பது வயதிருக்கும். மூன்று ஊர் எல்லை சேரும் இடத்தில் ஒரு கல் உண்டு என்று தாத்தா சொல்வாரே, அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"வாங்க அண்ணாச்சி, காட்டுதேன்" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வாய்க்காலைத் தாண்டி, வேலிக்கருவை மண்டிக் கிடந்த புறம்போக்குக்குள் அரை மணி நேரம். எனக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. அவர் ஓர் இடத்தில் நின்று, முள்ளை வெட்டி ஒதுக்கினார். கல் இருந்தது. மண்ணைக் கையால் தள்ளியதும் தலையில் கோடுகள் தெரிந்தன.

"எதுக்கு அண்ணாச்சி இத இவ்வளவு தூரம் வந்து பாக்கிய?"

1680ஆம் ஆண்டுக் குறிப்பைச் சொன்னேன். கவர்னர், சிப்பாய்கள், 300 வண்ணார்கள், பெத்த நாயக்கர், கணக்கப்பிள்ளை, கூட இன்னொருவர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அரிவாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அந்த கவர்னர் பேரு தெரியுமா?"

"தெரியும். ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர்."

"எல்லை காட்டுனவரு பேரு போட்டிருக்கா?"

"இல்ல தம்பி."

"கணக்கப்புள்ள பேரு?"

"அதுவும் இல்ல."

கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அவருடைய தாத்தா பெயர் எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். சொன்னார். திரும்பி வரும் வழியில் இரண்டு முறை அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.